வலது கன்னத்துக் குங்குமம்

இதை முதலில் என்னிடம் சொன்னது மூத்த மருமகள் சுகுணாதான், இந்த வருஷம் போகிக்கு முந்தின நாள் காலையில், பூஜை அறைப் படங்களை இறக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது. அம்மன் படத்தின் பின்பக்க அட்டை பிரிந்து உள்ளேயிருந்து மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பிரித்தாள். "என்னத்தை, சாமிக்குப் பின்னால இவனை ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். அப்புறம் மேலே இருந்த தேதியைப் படித்தாள். விரலை மடக்கி எண்ணினாள். "அத்தை, ஜெயிலுக்குள்ள போயி நீங்க இவனை அடையாளம் காட்டுனது இதுக்கப்புறம்தானே? அப்ப இவனைத் திருவிழாவுல பாத்ததைவிட இந்த ரூமுலதான் அதிகமாப் பாத்திருக்கீங்க." விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் வாய் அப்படி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அது அதோடு போகவில்லை.

இப்போதும் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாஸ்பத்திரி இரண்டாம் மாடி, நீளமான இரும்பு பெஞ்சு. கண்ணில் சொட்டு மருந்து விட்டாயிற்று. கண் பாப்பா விரிகிற வரைக்கும் மூடிக்கொண்டே இருக்க வேண்டுமாம், முக்கால் மணி நேரம் ஆகுமாம், நடுவில் இரண்டு தரம் வந்து மறுபடி விடுவார்களாம். எரிகிறது. மிளகாய் அரைத்த கையால் தொட்டது மாதிரி. இமைக்குள்ளே முதலில் சிவப்பு, அப்புறம் பழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணை மூடினால் சாமி பெயரைச் சொல்வது எனக்குப் பழக்கம். தாயே, மாரி, காப்பாத்து என்று மூன்று தரம் சொன்னேன், நாலாவது தரம் நாக்கு நின்றுவிட்டது, ஏனென்றால் அதற்குள் அந்தப் பெண்ணின் குரல் வந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் உள்ளே எழுத்துப் பலகையைக் காட்டிய பெண். கேரளத்துப் பேச்சு கலந்த சின்னக் குரல். கீழ் வரிசையில் எனக்கு எல்லாம் கொசுக்கூட்டம் மாதிரி இருந்தது, நான் மளமளவென்று ஏதோ படித்தேன். அவள் நிறுத்திவிட்டு, "நல்லா பாருங்கம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்றாள். நல்லா பாருங்கம்மா. அதே வார்த்தை. இவள் குரலில் வந்தது, ஆனால் நான் கேட்டது இவள் குரல் இல்லை. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க என்பதை மட்டும் பதினாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், மாஜிஸ்திரேட் ஐயா ஏதோ படித்துக் காட்டினார், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். அப்போது எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. சந்தேகம் என்று ஒரு துளி இருந்திருந்தால்கூட இன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இல்லை. எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா, பூக்குழி அன்றைக்கு, நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நான் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். குழந்தை அழுது அழுது ஏங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க, வெயிலு தாங்கலை பிள்ளைக்கு" என்றான். என் பாட்டிலைக் கொடுத்தேன். நாலு மடக்கு குடித்தது. குடிக்கும்போது என்னையே பார்த்தது. மேல் உதட்டில் வேர்வை, காதில் பொட்டு மாதிரி தோடு, ஒரு கால் கொலுசில் முத்து இல்லை. நான் அதன் வாயைத் துடைத்துவிட்டேன். "பேரு என்ன கண்ணு?" என்று கேட்டேன். ஏங்கலில் அதற்குச் சொல்ல வரவில்லை. அவன் சொல்லவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த கையின் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. போய்விட்டான். சாயங்காலம் ஊரே அலறியது, மில் முதலாளி வீட்டுப் பிள்ளை வர்ஷினி, இரண்டரை வயசு, காணவில்லை என்று. மறுநாள் காலையில் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். நகத்தைச் சொன்னேன். எழுதுகிறவர், "அதெல்லாம் கிடக்கட்டும்மா, முகத்தைச் சொல்லுங்க" என்றார். மாநிறம் என்றேன். மீசை என்றார், இருந்த மாதிரி என்றேன். வயசு என்றார், முப்பதுக்கு மேல என்றேன். இப்போது யோசித்தால் ஊரில் பாதிப்பேர் அதுதான். நான் குழந்தையைத்தானே பார்த்தேன். மூன்று பெற்றவள், அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு ஆம்பளை மூஞ்சியையா பார்த்துக்கொண்டு நிற்பேன்? நாலு மடக்கு தண்ணீர். எத்தனை நொடி இருக்கும்? இந்த பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் நானே குடித்துப் பார்க்கிறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் ஒரு ஆளுடைய ஆயுள்.

"அத்தை, கண்ணைத் திறக்காதீங்க, சொட்டு விட வந்திருக்காங்க." குளிர்ந்த விரல் இமையைப் பிரிக்கிறது. வெளிச்சம் குத்துகிறது. தலையை அண்ணாத்தி வைத்திருக்கும்போது கழுத்து நீட்டிக் கொடுப்பதுபோல இருக்கிறது. நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள், எந்தக் கண் என்று அடையாளத்துக்கு. அடையாளம். இந்த வார்த்தை இந்தக் கட்டிடத்தில் எத்தனை தரம் வருகிறது. அடையாள அட்டை இருக்கா, அடையாளத்துக்கு ஒட்டியிருக்கோம், எடுத்துடாதீங்க.

ஐந்தாம் நாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். இடது பக்கம் வர்ஷினி படம், பிறந்தநாள் தொப்பியோடு. ஒட்டினாற்போல வலது பக்கம் அவன் படம், தேடப்படுகிறவன் என்று. காத்தமுத்து. மில் வீட்டில் கார் ஓட்டியவன், சண்டை போட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினார்களாம். எனக்கு அவன் வேண்டாம், குழந்தைதான் வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வெட்டப் போனேன், குழந்தையின் தோள்பட்டை அவன் படத்துக்குள் போயிருந்தது. வெட்டினால் பிள்ளை கை போய்விடும். மனசு வரவில்லை. காணாமல்போன பிள்ளையைப் படத்திலும் ஊனம் பண்ணுவதா என்று அப்படியே இரண்டு பேரையும் சேர்த்து வெட்டி, பூஜை அறைச் சுவரில், அம்மனுக்குக் கீழே, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். காலையிலும் சாயங்காலமும் விளக்கேற்றி, அந்தப் பிள்ளை நெற்றியில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்து, தாயே அதைத் திருப்பிக் கொடு, கெடுதல் பண்ணாமல் திருப்பிக் கொடு என்று கும்பிட்டேன். என் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோதுகூட நான் அப்படி அழுது கும்பிட்டதில்லை. இருபத்தாறு நாள். இரண்டு வேளை. ஒரு தரம் கும்பிட எவ்வளவு நேரம், ஐந்து நிமிஷம் வைத்துக்கொள். நாலு மடக்குத் தண்ணீர் எங்கே, இது எங்கே. பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் அவனும் நின்றான். நான்தான் அவனை அங்கே நிறுத்தினேன். தாயே, உன் காலடியில் வைத்துத்தான் நான் அந்த முகத்தைப் படித்தேன்.

அவன் பிடிபட்டபிறகு, நான் படத்தை ஒட்டின இருபத்தேழாம் நாள், ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்துப் பேர், எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. மொட்டைவெயில். வரிசை ஓரத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆறாவது ஆளிடம் வந்ததும் உடம்பு தூக்கிப்போட்டது. பழகின முகம். ஐயோ, எவ்வளவு பழகின முகம். நம் வீட்டு ஆளை வெளியூர் பஸ்ஸ்டாண்டில் பார்த்தால் சட்டென்று ஒரு இது வருமே, சிரிக்க வாய் போகுமே, அதுதான் வந்தது. இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சிரிக்கப் போனேன். மறு நொடி அது பயமாக மாறிவிட்டது, இவன்தானே என்று. தொட்டுக் காட்டுங்கம்மா என்றார்கள். தோளைத் தொட்டேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அவன் என்னைக் குனிந்து பார்த்து, "அம்மா, நல்லா பாருங்கம்மா" என்றான். அதட்டலாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. வழி தப்பிப் போகிறவளைப் பார்த்து இந்தப் பக்கம் இல்லைம்மா என்பதுபோல. நான் பார்த்தேன். நல்லாத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க இன்னும் பழக்கமாக இருந்தது. கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேனா? கையைப் பின்னால் கட்டியிருந்தானா, தொங்கப் போட்டிருந்தானா? தெரியவில்லை. எத்தனை தரம் அந்த வெயிலில் போய் நின்றாலும் அவனுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர், "பசிக்குதும்மா, கண்ணுல விட்டா வயித்துக்குமா கட்டுப்பாடு?" என்று கேட்கிறார். சுகுணா சிரிக்கிறாள். "தாத்தா, கண்ணை மூடிக்கிட்டே இட்லி தின்னலாம், வாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சா சரி." எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் செத்தது. கோர்ட்டிலும் இப்படித்தான் யாரோ சிரித்தார்கள். கூண்டில் ஏறும்போது என் சேலை ஆணியில் மாட்டிக்கொண்டது. சத்தியம் வாங்கினார்கள். அவன் பக்கத்து வக்கீல் வயசானவர், இருமிக்கொண்டே, "கைது பண்றதுக்கு முன்னால இவர் படத்தை எங்கேயாவது பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பட்டென்று சொன்னேன். போலீஸ் எனக்கு எந்தப் படமும் காட்டவில்லை, அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நினைத்தேனா? வாய் திறப்பதற்கு முன்னால் சுவரில் விளக்கு வெளிச்சம் ஆடுவது மாதிரி ஒன்று வந்து போனதே. வந்ததா, இல்லை, சுகுணா சொன்னதற்கு அப்புறம் நானே அதைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறேனா? எதை நம்புவது? என் ஞாபகத்தை நான் எப்படி அடையாளம் காட்டுவது? எட்டாவது வரை படித்தவள். சாமி ரூமில் ஒட்டியிருப்பது சாமி காரியம், கோர்ட்டில் கேட்பது வேறே காரியம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன்போல. இருக்கட்டும். அதைக்கூட அம்மன் மன்னிப்பாள். குங்குமத்தை என்ன செய்வது?

அதுதான் சுகுணாவுக்குத் தெரியாது. என் மகன் குமரவேலுக்குத் தெரியாது. எனக்கும் படத்துக்கும் மட்டும்தான் தெரியும். கூண்டில் நின்று நான் சொன்னேன்: பந்தலுக்கு வந்தபோது இவன் வலது கன்னத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. அரசாங்க வக்கீல் துள்ளிவிட்டார். இருமல் வக்கீல், "இதைப் போலீஸ்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார். "அப்ப ஞாபகம் வரலைங்கய்யா. தினமும் கும்பிட்டேன், அப்புறம் அம்மன்தான் ஞாபகப்படுத்தினா" என்றேன். ஆயுள் தண்டனைத் தீர்ப்பில் அதை எழுதியிருந்தார்கள், எவ்வளவு நுணுக்கமாக இந்த அம்மாள் கவனித்திருக்கிறார் என்று. பேப்பரிலும் வந்தது. சாட்சியம்மா, சாட்சியம்மா என்று ஊரில் எனக்கு அதே பெயர் ஆனது. அந்த வருஷம் வெள்ளையடிக்கும்போது துண்டைச் சுவரிலிருந்து உரித்து, சரியாகப் பார்க்காமலே மடித்து அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினேன். போகிக்கு முந்தின நாள் சுகுணா அந்தத் துண்டை அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனதும் நான் எடுத்துப் பார்த்தேன். பிள்ளை நெற்றியில் குங்குமம் கறுத்துப்போய் அப்பியிருந்தது. தினமும் ஈர விரலால் வைத்து வைத்து அது பரவியிருந்தது. தோள்பட்டை தாண்டி, பக்கத்துப் படத்துக்குள் போய், அவன் வலது கன்னத்தில் ஒரு துளி. என் விரல் அளவுக்கு. விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

இப்போது கண் மூடியிருக்கிறது. இருட்டில் மறுபடி வேப்பமரத்தடிக்குப் போகிறேன். போகாமல் இருக்க முடியவில்லை. வெயில் மஞ்சள். கவுன் மஞ்சள். மோர்ப்பந்தல் ஓலை பச்சை. அவன் சட்டை நீலம், இல்லை, ஏதோ ஒரு நிறம், நிறம் இருக்கிறது. மெதுவாகத் தலையைத் தூக்கி முகத்தைப் பார்க்கிறேன். முகம் மட்டும் கறுப்பு வெள்ளை. பேப்பரில் இருப்பதுபோல் புள்ளி புள்ளியாக. கன்னத்தில் மட்டும் சிவப்பு. தாயே. தாயே. அந்த முகத்தைத் தூக்கிவிட்டுக் கீழே யார் என்று பார்க்கப் பார்க்கிறேன், சுவரில் ஒட்டியதைப் பிய்ப்பதுபோல, வரவில்லை, கீழே சுவர்தான் இருக்கிறது.

வர்ஷினி கிடைக்கவே இல்லை. எங்கே வைத்தாய், சொல்லுடா, என்ன பண்ணினாய் சொல்லுடா என்று எத்தனை பேர் கேட்டார்கள். அடித்துக் கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. கல்நெஞ்சன் என்று எழுதினார்கள். நானும் எத்தனை வெள்ளிக்கிழமை அவன் வாயைத் திற தாயே என்று வேண்டினேன். அவனுக்குத் தெரியாமல் இருந்தால்? தெரியாததை எங்கிருந்து சொல்லுவான்? அப்போது தெரிந்தவன் வேறெங்கோ, பிளந்த நகத்தோடு, வெளியில். நான் காட்டிக் கொடுத்ததால் அன்றோடு யாரும் தேடவில்லை. தேடாமல் விட்டது நான்தானோ. வர்ஷினியின் அம்மா ஒவ்வொரு வருஷமும் அந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எனக்குப் போன் பண்ணுவாள். பெரிய வீட்டுப் பெண், என்னைப் போய் அம்மா என்பாள். "என் பொண்ணு கடைசியா தண்ணி குடிச்சது உங்க கையாலதாம்மா. எனக்காகச் சாமிகிட்டச் சொல்லுங்க." நாளை மறுநாள் பிறந்தநாள். போன் வரும். பதினாலு வருஷமாக அந்தப் பெண் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கம்பு, அவன்தான் செய்தான், அவன் உள்ளே இருக்கிறான் என்பது. அதையும் நான் உருவிவிட்டால் அவள் எதைப் பிடிப்பாள்? நாளை மறுநாள் அவள் அம்மா என்று கூப்பிடும்போது நான் என்ன சொல்லுவேன்? சொல்லுகிறேன் தாயி என்று எப்போதும் சொல்லுவதையா?

குமரவேலிடம் சொன்னேன், குங்குமத்தை விட்டுவிட்டு மற்றதை. அவன் போய்க் கதவைச் சாத்தினான். "அம்மா, தெரிஞ்சுதான் பேசுறியா? பொய்ச்சாட்சின்னு உன்னையத் தூக்கி உள்ள வச்சுருவான். நான் கவர்மெண்ட் வேலையில இருக்கேன். இதை நாளைக்குப் போகியில போடு, முடிஞ்சுது" என்றான். அவனே எடுத்துக்கொண்டு போய்ப் பழைய பாய், விளக்குமாறோடு வாசலில் போட்டான். விடிவதற்குள் எழுந்துபோய் நான் அதை உருவிக்கொண்டு வந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பாய் எரியும்போது அவன் என்னைப் பார்த்தான், நான் நெருப்பைப் பார்த்துக் கும்பிட்டேன். பெற்ற பிள்ளையை ஏமாற்றினேன். மாசி மாதம் ஒரு வக்கீல் பெண் வாசலுக்கு வந்தாள். காத்தமுத்துவின் தங்கை அனுப்பினாளாம், வழக்கைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறார்களாம். குமரவேல், "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, நினைவு தப்பிப்போச்சு" என்று கேட்டோடு திருப்பி அனுப்பினான். அவள் கொடுத்த கார்டை மட்டும் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். அதை நான் எடுத்து ஆஸ்பத்திரி நோட்டுக்குள் செருகினேன். அவன் திறந்து பார்க்காதது அது ஒன்றுதான். துண்டும் அதில்தான் இருக்கிறது. மடியில்தான் இருக்கிறது. ஜெயிலுக்குப் பயமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. அந்த வரிசையில் நான் நின்று யாரோ வந்து என்னைத் தொட்டுக் காட்டுவதுபோல் இருக்கிறது. நல்லா பாருங்கம்மா என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ஆனால் இதையும் கண்ணையும் சேர்த்து நினைக்கிறேன். புரை உரித்தபிறகு எல்லாம் பளிச்சென்று தெரியுமாம். அப்போது அந்தத் துண்டு இன்னும் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது சொட்டும் விட்டாயிற்று. "இனி திறக்கலாம்மா, ஆனா மங்கலாத்தான் தெரியும்" என்றாள் அந்தப் பெண். திறந்தேன். பால் ஊற்றின மாதிரி. டியூப்லைட் ஒவ்வொன்றும் நூல் நூலாக விரிகிறது. எதிரே நீளமாக ஒன்று நின்று குனிந்தது. "அம்மா, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க." ஆம்பளைக் குரல். சட்டை தெரிந்தது, கழுத்து தெரிந்தது, அதற்கு மேலே வெறும் மூட்டம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூட்டத்தில் முகம் வந்து உட்கார்ந்தது. மீசை. நெற்றி. கன்னத்தில் சிவப்பு. காத்தமுத்து. யாரோ ஒரு மனுஷன், பெஞ்சில் இடம் கேட்டவன், அவன் மேலே. எனக்குக் கத்த வந்தது. "என்னத்தை, ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்று சுகுணா கையைப் பிடித்தாள். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் உட்கார்ந்தான், இருமினான், போனை எடுத்துத் தன் பெண்டாட்டியிடம் வண்டிச் சாவி எங்கே என்று கேட்டான். அவ்வளவுதான் அவன். அவ்வளவுதான். எந்த முகம் தெரியாவிட்டாலும் அங்கே கொண்டுபோய் வைக்க என்னிடம் ஒரு முகம் இருக்கிறது. அன்றைக்கு வேப்பமரத்தடியிலும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல.

நோட்டைப் பிரித்தேன். விரலால் தடவினேன். ஒன்று மெத்தென்று, மடிப்பு மடிப்பாக. அது துண்டு. ஒன்று கெட்டியாக, ஒரு மூலை மடங்கி, அது அந்த வக்கீல் பெண் வைத்துவிட்டுப் போன கார்டு. அதை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன், தள்ளி வைத்தேன். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. வீட்டுக்குப் போனால் குமரவேல் இருப்பான். பார்வை தெளிந்தால் சாயங்காலம் எனக்குத் தைரியம் போய்விடும், எனக்குத் தெரியும். நாளை மறுநாள் அந்தப் பெண் போன் பண்ணுவதற்கு முன்னால் ஆகவேண்டும். தாயே, கூட இரு. இல்லை, நீ அங்கேயே இரு, சுகுணா கூட இருக்கட்டும்.

"சுகுணா."

"சொல்லுங்கத்தை."

"எனக்கு எழுத்து தெரியலைம்மா. இந்தக் கார்டுல இருக்கிற நம்பரைப் போட்டு என் காதுல வை."